தனிஸ்லாஸ் அண்ணாச்சியின் கருப்பு வண்டி

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன் மேடம். நீங்கள் வண்டியைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள், தெரியும். ஆனால் சத்தத்தில் ஆரம்பித்தால்தான் வண்டி வரும்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிது. இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மகள் ஜெனோவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டது. எவர்சில்வர் குடத்துக்குள் குளவி மாட்டிக்கொண்டு சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம். சட்டென்று அது அடங்கி, யாரோ ஒருத்தியின் வாயைப் பொத்தி வைத்திருக்க, பொத்தின கைக்குள்ளிருந்து அவள் முனகுகிற மாதிரி ஆயிற்று. மறுபடி குளவி. மறுபடி முனகல். நான் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொண்டேன். சிரியுங்கள், பரவாயில்லை. எங்கள் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர்தான் முன்பக்கம் ஷெட்டில் புது மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காருக்குப் பாலிஷ் போடுகிற மெஷின். சும்மா சுற்றினால் குளவி. பெயின்டில் வைத்து அழுத்தினால் முனகல்.

"இதுக்கா பிள்ள பயந்த? இனிமே இதாம் நமக்குச் சோறு" என்றார்.

சோறுதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஓடும்போது ஷெட்டில் இருப்பவருக்கு வீட்டில் நடப்பது கேட்காது. வீட்டில் இருப்பவளுக்கு வாசலில் யார் வருகிறார்கள் என்று கேட்காது. பின்னால் எவ்வளவு சொன்னாலும் இந்த ஒன்றை மறந்துவிடாதீர்கள்.

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலியில். கட்டிலில் வேண்டாம், அதில் யார் உட்கார்ந்தாலும் எனக்கு இப்போது உடம்பு கூசுகிறது. நான் பேசுவது புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்தே கான்வென்ட். அங்கே கொச்சையாகப் பேசினால் சிஸ்டர் பெர்னதெத் முழங்காலில் நிறுத்திவிடுவார்கள். "ரீகன் பொண்டாட்டி நியூஸ் வாசிக்காடோய்" என்று அண்ணாச்சி நாலு பேருக்கு முன்னால் கேலி செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். ரீகனும்.

தனிஸ்லாஸ் அண்ணாச்சியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஸ்டேஷனில் இருக்கிற தண்ணீர் மெஷின் அவர் வாங்கிப் போட்டதாமே. உப்பளம், உப்பு லாரி, கோயில் கமிட்டி, பூசையில் முதல் பெஞ்சு. இந்த ஷெட் அவருடையது. பின்னால் நாங்கள் இருக்கிற இந்த வீடும் அவருடையது. நடுவில் ஒரு சந்து, ஓர் இடுப்பளவு சுவர், அவ்வளவுதான்.

அந்தக் கருப்பு வண்டி அவருக்கு உயிர். அவர் மனைவி லில்லி அக்கா இருக்கிறார்களே, செருப்பைக் கழற்றி கேரி பேக்கில் போட்டுக்கொண்டுதான் அதில் ஏற வேண்டும். தண்ணீர் குடிக்கக் கூடாது. கண்ணாடியில் கை வைக்கக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியை அவர் என்ன செய்வார் தெரியுமா? தினமும் காலையில் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் காய்ந்த துணியாலேயே ஒரு துடை. நம் ஊர்க் காற்றில் உப்பும் மண்ணும்தானே இருக்கிறது. அதை அழுத்தி வட்டமாகத் துடைத்தால் பெயின்டில் முடி மாதிரி கீறல் விழும். ஒன்றல்ல, ஆயிரம். பகலில் தெரியாது. விளக்கு வெளிச்சம் பட்டால் வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னின மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும். சுழி என்று சொல்வார் எங்கள் வீட்டுக்காரர். கருப்பு வண்டிக்குத்தான் அது ரொம்பத் தெரியும்.

"துண்டால தொடைக்காதிய அண்ணாச்சி. தண்ணி ஊத்திக் கழுவுங்க, இல்ல அப்பிடியே விட்ருங்க" என்று ரீகன் கெஞ்சுவார்.

"எலேய், எவ் வண்டி, எந் துண்டு. நீ சுழிய எடு, போதும்."

எடுப்பார். இருட்டினபிறகுதான் எடுப்பார். வெயிலில் போட்டால் பாலிஷ் மருந்து காய்ந்து பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும், அதுவுமில்லாமல் சுழி கண்ணுக்குச் சிக்காது. இருட்டில் ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொன்றாகச் சிக்கும். மெஷின் வந்த புதிதில், ஜெனோ தூங்கினபிறகு, அந்த விளக்கை நான்தான் பிடிப்பேன். விளையாட்டாக மெஷினையும் கையில் கொடுத்து, என் கை மேல் அவர் கை வைத்து ஓட்டச் சொல்லித் தந்திருக்கிறார். அழுத்தாதே, ஓரிடத்தில் நிற்காதே, நடந்துகொண்டே இரு. பிள்ளை ராத்திரியில் விழித்து அழ ஆரம்பித்தபிறகு நான் வீட்டுக்குள், அவர் ஷெட்டுக்குள்.

அப்புறம்தான் ஞானத்தகப்பன் வந்தார்.

உங்களுக்கு அந்த வழக்கம் தெரியாது இல்லையா? கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது பிள்ளையை ஏந்தி நிற்பவர். அன்றிலிருந்து அவர் சொந்தம். தகப்பனுக்கு அடுத்த தகப்பன். ஜெனோவுக்கு என் தாய்மாமாவை நிறுத்தலாம் என்றுதான் நான் சொன்னேன். "ஒம் மாமா ஷெட்டு தருவாரா?" என்று கேட்டார் ரீகன். அண்ணாச்சியைப் போய் அழைத்தார். அண்ணாச்சிக்கு ஒரே பெருமை. தங்கச் செயின் போட்டார். பிரியாணி போட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டு வாசலில் அவரை நிறுத்த எனக்கு உரிமை இல்லாமல் போயிற்று. ஞானத்தகப்பன் பிள்ளையைப் பார்க்க வருகிறார். யார் என்ன சொல்ல முடியும்? நிறுத்தினால் ஊர் என்னைத்தான் கேட்கும்.

வண்டியை ஷெட்டில் விடுவார். மெஷின் ஓட ஆரம்பிக்கும். சந்து வழியாக இங்கே வந்துவிடுவார். முதலில் தண்ணீர். "ஒரு சொம்பு தண்ணி தா மக்ளே." அடுத்த தடவை நாற்காலி. அதற்கடுத்து கட்டில். பிறகு தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குவார். அது வீரிட்டு அழும். நான் கையை நீட்டினால் கொடுக்க மாட்டார். "வந்து வாங்கிக்க" என்று நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்வார். பிள்ளையை வாங்க வேண்டுமென்றால் நான் குனிய வேண்டும், கிட்டே போக வேண்டும், என் கை அவர் மேல் பட வேண்டும், அவர் கை என் மேல்.

எங்கே பட்டது என்று கேட்கிறீர்களா? எழுத வேண்டாம். இல்லை, எழுதுங்கள். இல்லை, பிறகு சொல்கிறேன். நீங்கள் ஒரு பெண்தானே, உங்களுக்கே தெரியும்.

கதவைத் தாழ்போட வேண்டியதுதானே என்றுதானே யோசிக்கிறீர்கள்? இந்தக் கதவில் தாழ்ப்பாள் நின்றதே இல்லை மேடம். நிலையெல்லாம் கரையான். ஆணி அடித்தால் மாவு மாதிரி உதிரும். ரீகனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "நாளைக்குப் பாப்போம்." முடி மாதிரி கீறலை இருட்டில் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு இந்த நிலை மட்டும் கண்ணில் படவில்லை. நான் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். அண்ணாச்சி வெளியிலிருந்து தள்ளிக்கொண்டே உள்ளே வந்தார். சிலிண்டர் தரையில் கிறீச்சென்று தேய்ந்தது. "என்னம்மா, ஞானத்தகப்பனுக்கே சிலிண்டரா?" என்று சிரித்தார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு வைக்கும்போது ரீகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று விடாமல். அவர் மீன் முள்ளை எடுத்து எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு அப்பா மாதிரி பிள்ள. நம்ம மனசுதான் காரணம்."

"எந்த அப்பா பின்னலைப் பிடித்துப் பார்ப்பார்?"

"மெஷின் ஓடும்போது எனக்கு ஒண்ணும் கேக்காது. நான் என்ன செய்ய? ஷெட்ட விட்டு எங்க போவச் சொல்லுத?"

கை கழுவப் போய்விட்டார். நல்லவர்தான். அவரைத் தப்பாக எழுதிவிடாதீர்கள். அடித்ததில்லை, குடித்ததில்லை. கொஞ்சம் பயந்த சுபாவம்.

அப்போதுதான் நான் முடிவு செய்தேன். பழியைக் கடவுளிடம் விட்டுவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லித் தந்திருக்கிறார்கள். விட்டுத்தான் பார்த்தேன். கடவுளோ அண்ணாச்சி கொடுக்கிற பூமாலையைப் போட்டுக்கொண்டு பேசாமல் நிற்கிறார். அண்ணாச்சிக்கு வலிக்க வேண்டும். அவர் உடம்பில் வலிக்கிற இடம் எதுவும் எனக்கு எட்டாது. எட்டுகிற இடம் அந்த வண்டி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால் அதைக் கோயிலுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில், மதிலை ஒட்டி நிறுத்துவார். பூசையில் பிள்ளை அழுதால் தாய்மார் வெளியே தூக்கிக்கொண்டு போவது வழக்கம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஃபாதர் பிரசங்கம் ஆரம்பித்ததும் ஜெனோ அழுவாள். நான் எழுந்து பின்னால் போவேன். என் கையில் பிள்ளைக்கு வாய் துடைக்கிற துணி. துணிக்குள் கொஞ்சம் நுணுக்கின உப்பும் மணலும். அவர் உப்பளத்து உப்புதான், வீட்டுக்கு மூட்டையாகக் கொடுத்து அனுப்புவாரே, அதே உப்பு. மதில் பக்கம் இருக்கிற கதவில் மெதுவாக வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். அவசரமே கிடையாது. பிரசங்கம் நீளமாக இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பேர் வைத்திருந்தேன். இது தண்ணீர்ச் சொம்புக்கு. இது கட்டிலுக்கு. இது பின்னலுக்கு. திரும்பி வந்து ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்கும்போது என் முகத்தில் அவ்வளவு சாந்தம் இருக்குமாம், லில்லி அக்காவே சொல்லியிருக்கிறார்கள்.

ஜெனோ அழாத ஞாயிறுகளில் தொடையில் லேசாகக் கிள்ளிவிடுவேன். லேசாகத்தான். அம்மாவுக்காகத்தானே.

அண்ணாச்சி துடித்துப் போனார் மேடம். சாயந்தரம் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எங்கருந்துல வருது இந்தச் சுழி, ஒரு பக்கத்துக் கதவுல மட்டும்?" என்று ரீகனைப் பிடித்து உலுக்கினார். ரீகனுக்கும் புரியவில்லை. உப்புக் காற்று ஒரே பக்கமாக அடிக்கிறது என்றார். எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. முன்பெல்லாம் எப்போதாவது பாலிஷுக்கு வருகிற வண்டி அப்புறம் மாதா மாதம் வந்தது. அப்புறம் வாரா வாரம்.

என்ன கேட்டீர்கள்? வண்டி வரும்போதெல்லாம் அவரும் வந்தாரே என்றா?

வந்தார். வருவார். வண்டி வராவிட்டால் நடந்து வந்திருப்பார். அப்படியெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள் மேடம். தேய்க்கிற அந்த நேரம் ஒன்றுதான் வாரத்தில் எனக்கென்று இருந்தது. அதையும் குற்றம் சொன்னால் எப்படி?

அண்ணாச்சியிடம் ரீகன் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். சுழியை எடுப்பது என்றால் என்ன நினைக்கிறீர்கள்? கீறலை மூடுவதில்லை. கீறல் இருக்கிற மட்டத்துக்குச் சுற்றியுள்ள பெயின்டையும் தேய்த்து இறக்குவது. ஒவ்வொரு தடவையும் வண்டிக்குத் தோல் குறையும். "இந்தக் கதவு இனிமே தாங்காது அண்ணாச்சி. நடுவுல ஓடுது பாருங்க, இந்த மடிப்பு, இதுல பூச்சே இல்ல. மெஷின் ஒரு நொடி கூட நின்னா வெள்ள தெரிஞ்சிரும்." அண்ணாச்சி கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் நடந்ததுதான் அண்ணாச்சி உங்களிடம் கொடுத்த புகாரில் இருப்பது. மறுநாள் அவர் மகனுக்கு நாகர்கோவிலில் நிச்சயதார்த்தம். வண்டி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று மத்தியானமே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். சாயந்தரம் பார்த்தால் ரீகனுக்குக் கை தூக்க முடியவில்லை. முந்தின ராத்திரி வேறொரு வண்டியில் மெஷின் விளிம்பில் மாட்டி உதறியதில் மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கிவிட்டது. மனுஷன் அழுகிற மாதிரி நின்றார்.

"நான் பிடிக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்" என்றேன். மருந்து தெறிக்கும் என்று அவருடைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். அவர் தொப்பியைப் போட்டு, முடியை உள்ளே செருகி, மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டேன். ஜெனோவை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த இடுப்பளவு சுவரின் நிழலில் அவர் இருப்பது வெளியே தெரியாது.

அப்போது என் மனசில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. சத்தியமாக இல்லை. ரீகனுக்குப் பேர் கெடக்கூடாது என்றுதான் நினைத்தேன். மதில் பக்கத்துக் கதவுதான் ரொம்ப மோசம் என்றார் அவர். எனக்குத் தெரியாதா? அந்தக் கதவை வீட்டுப் பக்கமாகத்தான் நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்து மெஷினை ஓட்டினேன். மடிப்பை விட்டுவிட்டு அதற்கு மேலே மட்டும். துடைத்து விளக்கைக் காட்டினால் என் வட்டங்களில் பாதி இல்லை. இன்னொரு தடவை. எதுவுமே இல்லை. சொம்பு போயிற்று, கட்டில் போயிற்று, பின்னல் போயிற்று. கருப்பு அப்படியே ஆழமாகிக்கொண்டே போகிறது, கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி.

அதில் எங்கள் வீடு தெரிந்தது.

எனக்கு முதுகுப் பக்கம் இருக்கிற வீடு, மேடம். முன்னால் தெரிந்தது. பயத்தில் நான் வாசலுக்கு மேல் போட்டு வைத்திருக்கிற டியூப்லைட், அதற்குக் கீழே நீலத் திரைச்சீலை, திரைச்சீலையில் இருக்கிற மீன்கள்கூட. அவ்வளவு துல்லியம். சந்திலிருந்து அண்ணாச்சி வந்தார். செருப்பைக் கழற்றினார். ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். மெஷின் ஓடுகிறது, சட்டை தெரிகிறது, தொப்பி தெரிகிறது. ரீகன் வேலையாக இருக்கிறான். தலைமுடியைக் கையால் கோதிக்கொண்டார். திரையை விலக்கினார், உள்ளே போனார். திரை ஆடி ஆடி நின்றது.

நான் நிற்கிற இடத்தில்தான் இத்தனை மாதமும் ரீகன் நின்றார்.

வண்டிக் கதவுக்குள் அவர் முகத்தைத் தேடினேன். என் இடுப்புக்குப் பக்கத்தில் தெரிந்தது. அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். திரை ஆடி நிற்கிற வரைக்கும் பார்த்தார். பிறகு ஜெனோவின் முகத்தைத் தன் தோள் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"அந்த மடிப்புல மட்டும் பாத்துப் போ பிள்ள" என்றார். "அங்க பூச்சு மெலிசு. நின்னுராத."

நின்றேன்.

மெஷினை மடிப்பின் மேல் வைத்து, என் எடை முழுவதையும் கொடுத்து நின்றேன். முனகியது. சூடேறி ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. கருப்பு போய்ச் சாம்பலாகி, சாம்பல் போய் வெள்ளை வந்தது. எலும்பு மாதிரி வெள்ளை. அங்கிருந்து நகர்த்தினேன். மடிப்போடு மடிப்பாக, முன்கதவிலிருந்து பின்கதவு வரைக்கும், பின்கதவிலிருந்து டிக்கி வரைக்கும், கோடு போட்ட நோட்டில் கோட்டின் மேலேயே எழுதுகிற மாதிரி. ரீகன் எழுந்துவிட்டார். ஏட்டி, ஏட்டி என்கிறார். ஒரு கையில் பிள்ளை, ஒரு கை வீக்கம். என்ன செய்ய முடியும் அவரால்? எனக்கும் மெஷின் ஓடும்போது ஒன்றும் கேட்காது.

யாருமில்லாத வீட்டில் அண்ணாச்சி எவ்வளவு நேரம் நின்றாரோ. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். சந்தேகத்தோடு ஷெட்டுக்கு வந்தார். நான் மெஷினை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, மூக்குத் துணியை இறக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். கடைசியில்தான் வண்டியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகிற வரைக்கும் வைத்துக்கொள்வேன் மேடம்.

"தண்ணீர் குடித்தீர்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "பானை அடுப்படியில் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை என்று சொல்ல விட்டுப்போயிற்று."

அவர் வாயைத் திறந்தால் முழுக்கக் கெட்ட வார்த்தை. அதையெல்லாம் புகாரில் எழுதியிருக்க மாட்டார். மறுநாள் நாகர்கோவிலுக்கு வாடகை வண்டியில்தான் போனார்களாம். லில்லி அக்கா செருப்போடு ஏறினார்களாம். கோயிலில் ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு பசி எடுத்தது தெரியுமா? எத்தனையோ நாளுக்கு அப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள். காலையில் ஸ்டேஷனுக்கு வருகிறேன். பொழுது சாய்ந்தபிறகு பெண்களைக் கூப்பிட மாட்டோம் என்று நீங்களே சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் ரீகனைப் பற்றி எழுதாதீர்கள். அவர் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். வேலையில் மூழ்கினவருக்குச் சுழி மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் அசைவது தெரியாது. நான் அந்த வேலைக்குப் புதுசு, அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெனோவின் முகத்தை அவர் திருப்பினது விளக்கு கண்ணில் குத்துமே என்றுதான். அப்படித்தான் இருக்கும். எல்லா நாளும் நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். அப்படித்தான்.

நேற்று என்னிடம் பேசினார். அதுவரை பேசவில்லை. அண்ணாச்சி மனசு வைத்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வாராம். நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதுமாம். தனியாகக் கேட்க வேண்டுமாம். இன்று மத்தியானம் ரீகன் அண்ணாச்சி வீட்டுக்குப் போன நேரத்தில் பக்கத்து வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டேன். நிலையை நம்பாதீர்கள் என்று சுவரிலேயே துளை போட்டு இரும்புப் பட்டை பதித்து, அவ்வளவு பெரிய தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார். ஆடு கட்டுகிற கொட்டகைக்குப் போடுவதாம். சிமென்ட் காயட்டும், சாயந்தரம் வரை போடாதீர்கள் என்றார்.

யாரோ வருகிறார்கள். ரெண்டு பேர். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். சத்தம் காட்டாதீர்கள், கொஞ்சம் அப்படியே இருங்கள்.

"ஏ பிள்ள. அண்ணாச்சி வந்திருக்காவ. கதவத் தொற."

பார்த்தீர்களா, எங்கள் வீட்டுக்காரர்தான்.

"எதற்கு?"

"எதுக்கா? எல்லாத்தையும் பேசி முடிச்சிருவோம். ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிருவாவ."

"நீங்களும் உள்ளே வருகிறீர்களா?"

கேட்கிறதா மேடம்? செருப்பைத் தரையில் தேய்க்கிறார். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம் என்று அவர் அம்மா சொல்வார்கள்.

"நீங்களும் உள்ளே வருகிறீர்களா என்று கேட்டேன்."

"நான் ஷெட்டுல இருக்கேன் பிள்ள. மெஷினத் தொடச்சு வைக்கணும். நீங்க பேசுங்க."

மேடம், ஜெனோவைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம், அவள் தூங்கட்டும், நீங்கள் இங்கே வாருங்கள். இந்தக் கதவு தொய்ந்திருக்கிறது. கீழே இப்படித் தூக்கிப் பிடித்தால்தான் தாழ் குழிக்கு நேரே வரும். தோளைக் கொடுங்கள். இன்னும் கொஞ்சம். வெளியிலிருந்து தள்ளுகிறார்கள், விடாதீர்கள்.

இறங்கிவிட்டது.